மாதிரிக்கு மாதிரி வேண்டாமாம்

மேற்குக் கரைக் கடலுக்குச் சூழற்றொகுதி மாதிரியுரு எழுதும் திட்டத்தை வழிநடத்தும் குழுவினருக்கு,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை மூன்று மொழியிலும் வந்தது. தமிழ்ப் பிரதியின் நான்காம் பந்தியில் இப்படி ஒரு வரி: “மாதிரிக்கு இம்மாதிரிகள் அவசியமற்றவையாகும்.” மூன்று தரம் படித்தும் விளங்கவில்லை. சிங்களப் பிரதியை எடுத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. முதல் மாதிரி கணினியில் ஓடுவது, கடலைக் கணக்காக எழுதிப் பார்ப்பது. இரண்டாம் மாதிரி கடலில் அள்ளியது. முதலாவதற்கு மாதிரியுரு என்ற சொல் இருக்கிறது, மொழிபெயர்த்தவர் எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எடுத்த முடிவை உங்களைவிட அவர்தான் பச்சையாக எழுதியிருக்கிறார்.

கடல்நீரில் வைரசு எண்ணும் வேலை இனி இல்லை, அதற்கிருந்த சிறுதொகையும் இல்லை, மாதிரிகளுக்குப் பிரீசரில் இருந்த தட்டும் இல்லை. இதுதான் அந்த வரியின் பொருள். இதற்கு நான் உடன்படவில்லை. ஏன் என்று சொல்ல, குழாய்களில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் விஞ்ஞானி அல்ல, ஆய்வுகூட உதவியாளர். 2021 ஒக்டோபரில் இருந்து வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு இடங்களில் நீர் அள்ளிவந்தவள். ஒன்று வெள்ளவத்தையில், தண்டவாளத்தைக் கடந்து இறங்கும் கற்கள். மற்றது முகத்துவாரத்தில் களனி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று வெளியே, ஒரு சம்மாட்டியின் பைபர் படகில். கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் விடும் குழாய்கள் இந்த இரண்டு பக்கமும்தான் இருக்கின்றன. அதற்காகவே தெரிந்தெடுத்த இடங்கள். சம்மாட்டி எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்குவார். “தங்கச்சி, மீனே இல்லாத தண்ணியை எதுக்குப் பத்திரமாக் கொண்டுபோறீங்க?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அள்ளிய நீரில் ஒன்றரை மில்லிலீற்றர் ஒரு சிறு குழாய்க்குள் போகும். அதில் கொஞ்சம் குளூற்றரல்டிகைட்டு, உள்ளே இருப்பவை சிதையாமல் நிலைப்படுத்தும் இரசாயனம். இருட்டிலும் குளிரிலும் அரை மணித்தியாலம். பிறகு திரவ நைதரசனில் ஒரு முக்கு, ‘சுர்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மைனஸ் 80 பாகை பிரீசர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எண்ணிக்கை பொய்யாகிவிடும். நிலைப்படுத்திய நீர் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தாலே சில நாட்களில் வைரசுகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துவிடும். கொழும்பு வெக்கையில் மேசைமேல் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஜெனரேற்றருக்கு டீசல் தேடிக் கானும் கையுமாக வரிசையில் நின்றேன். கதவைத் திறக்காதீர்கள் என்று மூன்று மொழியிலும் சிவப்பு எழுத்தில் எழுதிப் பிரீசரில் ஒட்டினேன். பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் படகு போகாத மாதங்களில் வெள்ளவத்தைக் கற்களில் மட்டும் அள்ளினேன். ஒரு குழாயும் உருகவில்லை.

2025 மே மாதம் வெசாக் போயா திங்கட்கிழமை வந்தது. சனி தொடங்கிச் செவ்வாய் வரை நாலு நாள் விடுமுறை. வெள்ளி பின்னேரம் பிரீசரில் இடம் தேவைப்பட்ட ஒருவர், ‘வைரசு’ என்று எழுதியிருந்த பெட்டிகளைக் கண்டு பயந்து, எல்லாவற்றையும் வெளியே மேசையில் அடுக்கிவிட்டு, ‘ஆபத்து, தொடாதீர்’ என்று ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். புதன் காலை நான் வந்தபோது ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தண்ணீர் காய்ந்த வளையம். 412 குழாய்கள். என் கைபேசி இலக்கம் மூடியிலேயே இருந்தது.

தப்பியவை 94. அந்தப் பெட்டியில் மட்டும் சோம்பலில் ‘வெள்ளவத்தை’ என்று இடத்தின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன். அதைக் கண்டு எவரும் பயப்படவில்லை.

கோவிட்டில் அடிபட்ட நாடு, அந்தச் சொல்லைக் கண்டால் நெஞ்சு திக்கென்பது இயல்புதான். ஆனால் கடல்நீரில் இருக்கும் வைரசுகளில் ஏறக்குறைய எல்லாமே பற்றீரியாவையும் நுண்பாசிகளையும் தாக்குபவை. மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 1 கோடி. தேக்கரண்டிக்கு 5 கோடி. வெள்ளவத்தையில் அலையில் விழுந்து எழும்பிய பிள்ளை எல்லாம் ஒரு வாய்க்கு இத்தனை கோடி விழுங்கியவைதான். கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் கவலைப்பட வேறு கிருமிகள் உண்டு என்பது உண்மை. முதலிலேயே விடும் குளூற்றரல்டிகைட்டு அவற்றையும் செயலிழக்கச் செய்கிறது.

அந்த விடுமுறைக்காக இந்த மடலை எழுதவில்லை. 412 குழாய்கள் உருகியது ஒருவருடைய பயத்தால். மிஞ்சிய 94ஐயும் கொட்டச் சொல்வது உங்கள் தீர்மானம். இரண்டும் ஒன்றல்ல.

கடலில் ஒரு பற்றீரியா பெரும்பாலும் இரண்டு வழியில் சாகிறது. ஒன்று, தன்னைவிடக் கொஞ்சம் பெரிய உயிர் அதை விழுங்குவது. அப்போது அதன் காபன் ஒரு படி மேலே ஏறும்: நுண்விலங்கு, பிறகு கோப்பிப்பொட்டு என்ற பொடி இறால்போன்ற உயிர், பிறகு சாளைக் குஞ்சு, போகப்போகப் பேலியகொடைச் சந்தை, கடைசியில் நம் வீட்டுச் சட்டி. மற்றது, வைரசு உள்ளே புகுந்து பெருகி அதை வெடிக்க வைப்பது. இருபது முப்பது புது வைரசுகள் வெளியே வரும். மற்றதெல்லாம் கரைசலாகச் சிந்தும். அந்தக் கரைசலை மீன் தின்னாது, வேறு பற்றீரியாதான் தின்னும். ஆகவே காபன் மேலே ஏறாமல் அதே மட்டத்தில் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு மூச்சில் காபனீரொட்சைட்டாகப் போகும். நைதரசனும் பொசுபரசும் இரும்பும் திரும்ப நுண்பாசிக்குக் கிடைக்கும்.

இதை 1999இல் ஸ்டீவன் வில்ஹெல்மும் கேர்ட்டிஸ் சட்டிலும் கணக்கோடு எழுதினார்கள். ஒளித்தொகுப்பில் பிடிபட்ட காபனில் 6 முதல் 26 வீதம் வரை இப்படித் திசைதிரும்பலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. நாங்கள் ஆய்வுகூடத்தில் இதை மடைமாற்று என்போம். வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, ஒரு பாத்திக்குப் போகும் தண்ணீரை மற்றப் பாத்திக்குத் திருப்புவதுதானே இது. கால்வாசித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாராமல் விளைச்சலுக்குக் கணக்கு எழுதும் கமக்காரரை நான் கண்டதில்லை.

கரைநீரில் வைரசு கொல்வதும் நுண்விலங்குகள் தின்பதும் ஏறக்குறையச் சமம் என்று 1995இலேயே கலிபோர்னியாவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னர், 1989இல், நோர்வேயின் பேர்கனில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எண்ணியவர்கள், இயற்கை நீரில் அதுவரை நினைத்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வைரசு இருக்கிறது என்று வெளியிட்டார்கள். உலகக் கடல்களின் வைரசுகளில் உள்ள காபனை ஒன்றுசேர்த்தால் ஏழரைக் கோடி நீலத் திமிங்கிலங்களுக்குச் சமம் என்று 2005இல் சட்டில் ஒரு கணக்குச் சொன்னார். மிரிஸ்ஸவுக்குப் போய்ப் படகு பிடித்து ஒரு திமிங்கிலத்தின் முதுகைப் பார்க்க நாம் கொடுக்கும் காசை நினைத்துக்கொள்கிறேன்.

மடைமாற்றோடு கதை முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. வெடித்த கலத்தின் பசை சில இடங்களில் ஒட்டித் திரண்டு, பாரமாகி, ஆழத்துக்கு அமிழ்கிறது. ‘தாரா’ கப்பல் உலகக் கடல்களில் அள்ளிய மாதிரிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டவர்கள், சத்துக் குறைந்த நீரில் காபன் கீழே இறங்குவதோடு சேர்ந்தே காணப்பட்டவற்றுள் ஒளித்தொகுப்புச் செய்யும் சயனோபற்றீரியாவும் அதைத் தாக்கும் வைரசுகளும் இருப்பதைக் கண்டார்கள். சாவு ஒன்றுதான். ஓரிடத்தில் அது காபனை மேலே பிடித்து வைக்கிறது, இன்னோரிடத்தில் கீழே தள்ளுகிறது. எங்கள் கரையில் எது? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வைரசை விட்டுவிட்டால் பிழை கொஞ்சம்தான் வரும் என்று நீங்கள் கூட்டத்தில் சொன்னபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாதபோது, கொஞ்சம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

உங்கள் மாதிரியுருவில் நாலு பெட்டிகள்: சத்து, நுண்பாசிகள் அடங்கிய தாவர மிதவை, அவற்றைத் தின்னும் விலங்கு மிதவை, செத்தவை சேரும் சிதைவு. 1990இல் பாஷமும் கூட்டாளிகளும் எழுதிய மரபில் வந்தது, நல்ல மரபுதான். ஆனால் அவர்கள் பற்றீரியாவுக்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் அதையும் எடுத்துவிட்டீர்கள். தாவர மிதவை சாவதற்கு ஒரே ஓர் எண் கொடுத்திருக்கிறீர்கள்: 0.05. நாளுக்கு நூற்றுக்கு ஐந்து. சோளகக் காற்றிலும் நூற்றுக்கு ஐந்து, வாடைக் காற்றிலும் நூற்றுக்கு ஐந்து. செத்த அந்த ஐந்தும் நேரே சிதைவுப் பெட்டிக்குள் விழுந்து அமிழ்கிறது.

வைரசு அப்படிக் கொல்வதில்லை. அதற்குக் கையுமில்லை காலுமில்லை, மிதந்துகொண்டிருக்கையில் முட்டினால்தான் உண்டு. நத்தார் காலத்துப் புறக்கோட்டையில் தோளோடு தோள் இடிபடுவதுபோல், நெருக்கம் கூடக்கூட முட்டுவதும் கூடும். ஆகவே சாவு என்பது கலங்களின் எண்ணிக்கையையும் வைரசுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது. மாறாத எண் அல்ல. கூட்டத்தில் யார் ஓங்குகிறாரோ அவர்தான் முதலில் விழுவார். நோர்வேயின் திங்ஸ்டாட் இதற்கு ‘வென்றவனைக் கொல்’ என்றே பெயர் வைத்தார்.

இதை நான் கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஆசை. சொல்ல முடியாமற் போனதுதான் என் வழக்கு.

2024 ஜூன் தொடக்கத்தில் களனி பெருகியது. முகத்துவாரத்துக் கடல் நாள்கணக்கில் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. கொந்தளிப்பில் படகு போகவில்லை. அலைதடுப்புக் கல்லில் நின்று, வாளியைக் கயிற்றில் கட்டி எறிந்து, எட்டு நாள் தொடர்ந்து அள்ளினேன். நாளுக்கு மூன்று குழாய்கள். மண் படிந்து தெளிந்ததும் நுண்பாசி பெருகிப் பச்சை ஏறியது. வடிகட்டிய தாள் முதல் நாள் இளம் வெண்டிக்காய் நிறம், அடுத்த நாள் முருங்கை இலை நிறம். உங்கள் மாதிரியுரு இந்தப் பச்சை மூன்று கிழமை நிற்கும் என்றது. நாலாம் நாள் தாள் வெளிறிவிட்டது. வலையில் கோப்பிப்பொட்டுகள் வழமையைவிடக் குறைவு. ஆகவே அவை தின்று தீர்த்தன என்று சொல்ல வழியில்லை. நீரோட்டம் இழுத்துப் போயிருக்கலாம். சத்துத் தீர்ந்திருக்கலாம். வைரசு வெடிக்க வைத்திருக்கலாம். மூன்றில் எது என்று துப்புக் கொடுக்கக்கூடிய 24 குழாய்கள் எண்ணப்படும் நாளுக்காகப் பிரீசரில் காத்திருந்தன. அவையும் அந்த 412க்குள்தான்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் செய்தது என்ன? 0.05 என்பதை 0.3 ஆக்கினீர்கள். மாதிரியுருவின் கோடு அளந்த புள்ளிகளுக்கு மேலால் அழகாகப் போனது. சட்டை பொருந்தவில்லை என்று வந்தவரின் தோளைத் தையற்காரர் வெட்டிய கதைதான் எனக்கு நினைவு வந்தது. எண்ணை மாற்றியதும் சிதைவுப் பெட்டி வீங்கியது, அமிழும் காபன் கூடியது, விலங்கு மிதவைக்கு மிஞ்சியது குறைந்தது. அந்த மிச்சத்தில் இருந்துதான் ஆண்டுக்குப் பிடிக்கத்தக்க சாளையின் அளவைக் கணக்கிடப்போவதாக அதே கூட்டத்தில் வாசித்தீர்கள். செத்தவை அமிழாமல் கரைசலாகி மேலேயே சுற்றியிருந்தால் அந்த அளவும் வேறு, காபன் கணக்கும் வேறு. உங்கள் எண் ஒரு நாள் முகத்துவாரத்துச் சம்மாட்டியின் வாசலுக்கு வரும். அவர் “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று என்னைத்தான் கேட்பார்.

உலகத்தின் பெரிய காலநிலை மாதிரியுருக்களிலேயே பெரும்பாலும் வைரசு இல்லையே என்பது உங்கள் முதல் நியாயம். உண்மை. முழு உலகக் கடலுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள் ஓர் எண்ணுக்குள் அதை ஒளித்து வைக்கலாம்; ஓர் ஆற்று வாயையும் இரண்டு கழிவுநீர்க் குழாய்களையும் கொண்ட ஒரு துண்டுக் கடலில் அந்த எண்தான் கதையே. தவிர, வைரசுக்குத் தனிச் சமன்பாடு எழுதுவது கைக்கெட்டாத வித்தையும் அல்ல. யோசுவா வைற்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2015இல் பல படிநிலைகளோடு எழுதிக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் நிரலில் சில சமன்பாடுகள் கூடும், அவ்வளவே.

செலவு என்பது இரண்டாம் நியாயம். நுணுக்குக்காட்டி ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது சாயமும், 0.02 மைக்குரோமீற்றர் துளையுள்ள வடிதாளும், ஒரு சோடிக் கண்ணும். கண்கள் என்னிடம் இருக்கின்றன. பச்சைச் சாயம் ஏற்றி, விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்த்தால் கார்த்திகை விளக்கீட்டு இரவில் மொட்டைமாடியில் நின்று ஒழுங்கைகளைப் பார்ப்பதுபோல் இருக்கும். பற்றீரியா கொழுத்த சுடர், வைரசு ஊசிமுனைப் பொட்டு. ஒரு கட்டத்துக்குள் இருப்பதை எண்ணி, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். கண் எரியும். பழகிவிட்டது. உங்கள் கூட்டங்களின் சிற்றுண்டிக் கணக்கை ஒருமுறை இந்தச் சாயத்தின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதோடு இதை விடுகிறேன்.

நான் ஏன் 2021 ஒக்டோபரில் தொடங்கினேன் என்று உங்களில் எவரும் கேட்டதில்லை. அந்த ஆண்டு மே 20 அன்று எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் நம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தீப்பிடித்தது; ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும், நைத்திரிக்கமிலமும், இன்னும் எத்தனையோ. கரையில் கையுறையோடு மணி பொறுக்கியவர்களில் நானும் ஒருத்தி. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆமையையும் மீனையும் எண்ணினோம். அந்தத் தீக்கு முன் இந்த நீரின் நுண்ணுயிர்கள் எப்படி இருந்தன என்று ஒருவர் கேட்டிருந்தால் என் கையில் காட்ட ஒரு குழாய் இருக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் வாளியைத் தூக்கினேன். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. 94 குழாய்களையும் கொட்டிவிட்டால் அன்றைக்கும் இதே வெட்கம்தான்.

இனி நான் கேட்பவை.

சுற்றறிக்கையின் நான்காம் பந்தியை எழுத்தில் மீளப் பெறுங்கள். மிஞ்சிய குழாய்களை எண்ணி முடிக்கும்வரை எவரும் கொட்டக்கூடாது என்று அதே தாளில் எழுதுங்கள். பிரீசரில் அந்த ஒரு தட்டைத் திருப்பித் தாருங்கள். எவருடைய பெட்டியானாலும் உரியவரிடம் பேசாமல் வெளியே எடுக்கக்கூடாது என்பதை ஆய்வுகூட விதியாக்குங்கள். நானும் பெட்டிகளில் ‘வைரசு’ என்று எழுதுவதை விட்டு, இடத்தையும் திகதியையும் மட்டும் எழுதுகிறேன்.

கிழமைக்கொரு முறை இயலாவிட்டால் மாதத்துக்கொரு முறை போதும். இரண்டு இடங்களிலும் வைரசும் பற்றீரியாவும் எண்ணுவதற்கான தொகையை அடுத்த ஆண்டு வரவு செலவில் திரும்பச் சேருங்கள். களனி பெருகும் நாட்களில் மட்டும் நாளாந்தம் அள்ள அனுமதி வேண்டும்.

மாதிரியுருவை இரண்டு விதமாக ஓட்டுங்கள்: ஒன்று இப்போதிருக்கும் ஒற்றை எண்ணோடு, மற்றது வைரசுக்குத் தனிப் பெட்டியோடு. இரண்டும் தரும் விடைகளை, இடைவெளி எவ்வளவு வெட்கக்கேடாக இருந்தாலும், சேர்த்தே வெளியிடுங்கள். 0.05 எப்படி 0.3 ஆனது என்பதையும் அந்த அறிக்கையில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். அதுவரை சாளையின் அளவு பற்றி ஓர் எண்ணும் உங்கள் கையொப்பத்தோடு வெளியே போக வேண்டாம். போகும்போது முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் சம்மாட்டிகளை இருத்தி, தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தமிழ்ப் பிரதியில் கணினியில் ஓடுவதை மாதிரியுரு என்றும், குழாயில் இருப்பதை மாதிரி என்றும் எழுதுங்கள். அனுப்ப முன் எனக்குக் காட்டினால் காசு வாங்காமல் பார்த்துத் தருவேன்.

அந்த 94 குழாய்களும் இப்போது வேறோர் ஆய்வுகூடத்துப் பிரீசரில், நண்பி ஒருத்தியின் தயவில், கடனுக்கு இருக்கின்றன. ஒக்டோபர் 31க்குள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முதல் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வுகூட உதவியாளர் ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு 06